பயான் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை! டிஜிட்டல் சேமிப்புகளுக்குப் பொருள் தலைப்பு இடுவது எப்படி?



ரமழானுக்கு முந்தைய வாரம் ஒரு சகோதரி நமக்குத் தொலைபேசி செய்தார். குரலில் சற்றுக் கோபம். "ஹழ்ரத், நான் போட்டிருக்கிற நகைக்கு ஸகாத் உண்டா இல்லையா? நெட்டில் இரண்டு பயான் கேட்டேன். ஒருவர் கட்டாயம் என்கிறார். இன்னொருவர் அணிகிற நகைக்குக் கிடையாது என்கிறார். இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்?"

இருவருமே பொய் சொல்லவில்லை. முதலாமவர் ஹனஃபி மத்ஹபின் சட்டத்தைச் சொல்லியிருந்தார். அடுத்தவர் ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்தைச் சொல்லியிருந்தார். பயானின் தொடக்கத்தில் அவரவர் இதைத் தெளிவாகக் கூறியும் இருக்கலாம். ஆனால் அந்தச் சகோதரியின் கைக்கு வந்தவை நடுவில் வெட்டி எடுத்த துண்டுகள். ஒன்றின் தலைப்பு "பெண்களே உஷார்!" மற்றதன் தலைப்பு "அனைவரும் கட்டாயம் கேட்க வேண்டிய பயான்". எந்த மத்ஹபின் சட்டம், எந்த ஆண்டு பேசியது, யார் பேசியது, எதைப் பற்றிப் பேசியது என்று ஒரு வரிகூட இரண்டிலும் இல்லை. அதில் ஒருவர் நிஸாபுக்கு ரூபாய்க் கணக்கும் சொல்லியிருந்தார். அது பல ஆண்டுகளுக்கு முந்தைய தங்க விலையில் போட்ட கணக்கு.

நம் சமுதாயத்தில் பயான்களுக்கும் நூல்களுக்கும் பஞ்சமில்லை, அல்ஹம்துலில்லாஹ். தேடுகிறவருக்குத் தேவையானது, தேவையான நேரத்தில், சரியான அடையாளத்தோடு கிடைப்பதில்தான் பஞ்சம். அந்த அடையாளத்தைத்தான் கணினித் துறையில் மெட்டாடேட்டா என்கிறார்கள். தமிழில் மீதரவு என்றும் எழுதுகிறார்கள். ஒரு பொருளைப் பற்றிய விவரக் குறிப்பு என்று புரிந்துகொண்டால் போதும்.

அடுக்களையில் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். மல்லித்தூள் எது, சீரகத்தூள் எது, கறிமசாலா எது என்று உம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். புதிதாக வந்த மருமகளுக்குத் தெரியாது. டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டு மருமகளுக்காகத்தான். கணினியில் சேமிக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இப்படி ஒரு சீட்டு வேண்டும். சேமித்தவருக்கு அது தேவைப்படாது. பிறகு வருகிறவருக்கு அது இல்லாமல் வழியே இல்லை. சீட்டில் எழுதும் விவரங்களுள் மிக முக்கியமானதும், நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவதும் ஒன்றுதான்: இது எதைப் பற்றியது என்ற பொருள் தலைப்பு.

நம் இமாம்கள் செய்த வேலை

இதை ஏதோ மேலைநாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டாம். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழக்கப்பட்ட விஷயம்தான், பெயர்தான் புதிது.

ஹதீஸ் நூல்கள் இரண்டு விதமாகத் தொகுக்கப்பட்டன. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னத், அறிவித்த ஸஹாபியின் பெயரால் வரிசைப்படுத்தப்பட்டது. அபூபக்ர் (ரலி) அறிவித்தவை ஓரிடம், உமர் (ரலி) அறிவித்தவை ஓரிடம். ஒரு ஹதீஸை அறிவித்த ஸஹாபி யார் என்று தெரிந்தவருக்கு இது எளிது. "வாடகை பற்றி ஹதீஸ் என்ன இருக்கிறது?" என்று கேட்டு வருகிறவர் அந்தப் பெருங்கடலில் எங்கே மூழ்குவார்? இமாம் புகாரி (ரஹ்) அவர்களோ பொருள்வாரியாகத் தொகுத்தார்கள். தொழுகை, ஸகாத், வியாபாரம், திருமணம் என்று பெரும் பாடங்கள். அவற்றுக்குள் சிறு சிறு தலைப்புகள்.

நிய்யத் பற்றிய அந்தப் புகழ்பெற்ற ஹதீஸை எடுத்துக்கொள்வோம். ஸஹீஹுல் புகாரியில் அது 7 இடங்களில் வருகிறது. நூலின் தொடக்கத்தில் வஹீ பற்றிய பாடத்தில் ஒரு முறை. பிறகு ஈமான், அடிமை விடுதலை, ஹிஜ்ரத், திருமணம், சத்தியம், சட்டத் தந்திரங்கள் ஆகியவை பற்றிய இடங்களில். ஒரே ஹதீஸ்தான். ஆனால் சத்தியம் செய்தவன் தேடினாலும் அது கிடைக்கும், திருமணம் பற்றித் தேடுகிறவனுக்கும் கிடைக்கும். ஒரு பொருளுக்குப் பல வாசல்கள் வைப்பது என்பது இதுதான். இன்று நூலகவியலில் ஒரே ஆவணத்துக்குப் பல பொருள் தலைப்புகள் இடலாம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். இமாம் புகாரி அதை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்களது சட்டநுட்பம் முழுவதும் பாடத் தலைப்புகளில் இருக்கிறது என்று உலமாக்கள் சொல்வதும் இதனால்தான். தலைப்பிடுவது எழுத்தர் வேலையல்ல, ஹதீஸைப் புரிந்துகொண்டவரின் வேலை.

முஸ்னத் அஹ்மதுக்கும் பிற்காலத்தில் விடிவு வந்தது. சென்ற நூற்றாண்டில் எகிப்தைச் சேர்ந்த அஹ்மத் அப்துர்ரஹ்மான் அல்பன்னா அஸ்ஸாஆத்தி அவர்கள் அதைப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கி, அல்ஃபத்ஹுர் ரப்பானீ என்ற பெயரில் வெளியிட்டார்கள். கடிகாரம் பழுதுபார்ப்பது அவர்களின் தொழில். ஹதீஸ்கள் அதே ஹதீஸ்கள்தான். அடுக்கிய முறை மாறியதால் பயன் பல மடங்கானது.

இன்னொரு நுட்பமான வேறுபாடு உண்டு. சொல்லைத் தேடுவது வேறு, பொருளைத் தேடுவது வேறு. டச்சு அறிஞர் வென்சின்க் ஹதீஸ்களுக்கு இரண்டு விதமான வழிகாட்டிகளை உருவாக்கினார். 1936 முதல் வெளிவரத் தொடங்கிய பெரிய அகராதி, ஹதீஸில் உள்ள சொற்களை வைத்துத் தேடுவது. அதற்கு முன் 1927-இல் வந்த சிறிய நூல், பொருள் தலைப்புகளை வைத்துத் தேடுவது. அந்தச் சிறிய நூலை முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாக்கீ அவர்கள் மிஃப்தாஹு குனூஸிஸ் ஸுன்னா என்று அரபியில் தந்தார்கள். ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று நாமும் மாணவப் பருவத்தில் கேட்டதுண்டு.

விடை குர்ஆனிலேயே இருக்கிறது. சொத்துப் பங்கீட்டின் சட்டத்தைத் தேடும் ஒருவர் "மீராஸ்" என்ற அரபுச் சொல்லைக் கொடுத்து குர்ஆனில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பவை 3:180, 57:10 ஆகிய வசனங்கள். அவை வானங்கள் பூமியின் உரிமை அல்லாஹ்வுக்கே என்று பேசுபவை. பாகப்பிரிவினையைச் சொல்லும் 4:11, 4:12, 4:176 ஆகிய வசனங்களில் "மீராஸ்" என்ற அந்தச் சொல் வடிவம் இல்லை. அதே வேரிலிருந்து பிறந்த வேறு வடிவங்கள்தான் இருக்கின்றன. ஆக, தேடியது வரவில்லை, தேடாதது வந்துவிட்டது. சூரத்துல் இக்லாஸில் "இக்லாஸ்" என்ற சொல்லே இல்லை என்பதையும் இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். அது எதைப் பற்றியது என்பதைத் தலைப்புதான் சொல்கிறது.

இன்று பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பயான் முழுவதையும் எழுத்தாக்கிவிட்டால் தலைப்பு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒரு மணி நேரப் பயானில் "நோன்பு" என்ற சொல் பத்து முறை வரலாம், பயானின் பொருள் பெற்றோர் உரிமையாக இருக்கலாம். இத்துடன், தமிழுக்கு நடுவே வரும் அரபுக் கலைச்சொற்களை அம்மென்பொருள்கள் எப்படியெல்லாம் சிதைக்கின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். கேட்டுப் புரிந்து தலைப்பிடும் மனிதருக்கு அது மாற்று ஆகாது என்பதே நம் கருத்து.

சீறாப்புராணத்தை எந்த அலமாரியில் வைப்பது?

நூல்களைப் பட்டியலிடும் கலையில் நம்மவர்களுக்கு நீண்ட மரபு உண்டு. பக்தாதில் புத்தகம் படியெடுத்து விற்கும் தொழில் செய்த இப்னுன் நதீம், ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) அல்ஃபிஹ்ரிஸ்த் என்ற நூலை எழுதினார். தம் காலத்தில் அரபியில் அறியப்பட்ட நூல்களைப் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பகுத்துக் காட்டினார். இன்றும் மத்ரஸாக்களில் பொருளடக்கத்தை ஃபிஹ்ரிஸ்த் என்றே சொல்கிறோம்.

இன்றைய பொது நூலகங்களில் அதிகம் பயன்படுவது 1876-இல் வெளிவந்த டூயி பகுப்பு முறை. அதில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை எண்கள். அவற்றில் பெரும்பகுதியைக் கிறிஸ்தவமே எடுத்துக்கொண்டது. உலகின் மற்ற சமயங்கள் எல்லாம் 290-க்குள் நெருக்கியடித்து நிற்க, இஸ்லாத்துக்கு 297 என்ற ஒரே எண் கிடைத்தது. குர்ஆன் 297.122, நபி (ஸல்) அவர்களின் வரலாறு 297.63 என்று புள்ளிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டே போக வேண்டும். பகுப்பைச் செய்தவரின் கண்ணில் எது பெரிதோ அதற்கே இடம் அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நம் சேமிப்புக்கு நாம்தான் தலைப்பிட வேண்டும் என்று சொல்வதற்கும் இது ஒரு காரணம்.

இப்போது உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் 5000-க்கும் மேற்பட்ட பாடல்கள். தமிழ் இலக்கியம் என்று பார்த்தால் டூயி முறையில் 894.811. ஸீரா என்று பார்த்தால் 297.63. அச்சு நூலுக்கு ஓர் அலமாரிதான். எனவே நூலகர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மின்னூலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "தமிழ்க் காப்பியம்", "நபி (ஸல்) வரலாறு", "இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்" என்று மூன்று வாசலையும் திறந்து வைக்கலாம்.

ஒரு நூலின் பொருளைப் பல கோணங்களில் பிரித்துப் பார்க்கும் முறையை உலகுக்குச் சொன்னவர் நம் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை மையப்பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம் என்று ஐந்து முகங்களாகப் பார்க்கச் சொல்கிறது. நகை ஸகாத் பயானை இப்படிப் பாருங்கள். மையப்பொருள் ஸகாத். எதற்கான ஸகாத்? தங்க நகை. என்ன செய்வது? கணக்கிடுதல். பிறகு எந்த ஊரில், எந்த ஆண்டில். நாம் இதனோடு எந்த மத்ஹபில் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதியிருந்தால் அந்தச் சகோதரிக்கு நம்மை அழைக்கும் தேவையே வந்திருக்காது.

இணைய வளங்களுக்கென்று 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டப்ளின் நகரில் கூடிய வல்லுநர்கள் ஓர் எளிய அமைப்பைத் தொடங்கி வைத்தார்கள். அதன் பெயர் டப்ளின் கோர். பலரும் அயர்லாந்தின் டப்ளின் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது அல்ல. அதில் 15 கூறுகள்: தலைப்பு, ஆக்கியவர், பொருள், விவரிப்பு, வெளியிட்டவர், பங்களித்தவர், தேதி, வகை, கோப்பு வடிவம், அடையாள எண், மூலம், மொழி, தொடர்பு, பரப்பெல்லை, உரிமை. எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும் என்பதில்லை. இவற்றில் "பொருள்", "வகை" இரண்டையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். "ஜும்ஆ பயான்" என்பது பொருள் அல்ல, அது வகை. ஜும்ஆவில் எதைப் பற்றிப் பேசினார் என்பதுதான் பொருள். நம் தளங்களில் "பயான்", "கட்டுரை", "வீடியோ" என்று பொருள் பெட்டியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அதேபோல "இஸ்லாம், முஸ்லிம், தமிழ் பயான்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே குறிச்சொற்களைப் போடுவதும் வீண் வேலை. இஸ்லாமியத் தளத்தில் எல்லாமே இஸ்லாம்தானே! எல்லா டப்பாவிலும் "மளிகை" என்று ஒட்டினால் என்ன பயன்? பேசப்பட்டது இத்தா என்றால் "இத்தா" என்று எழுதுங்கள், "பெண்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். கணவனை இழந்தவரின் இத்தா மட்டும்தான் என்றால் அதையே எழுதுங்கள். இன்னும் சிலர் பார்வையாளர்களை இழுக்க, பயானில் இல்லாத பரபரப்பான பெயர்களைக் குறிச்சொல்லாகச் சேர்க்கிறார்கள். சரக்கு ஒன்று, சீட்டு வேறொன்று என்பது கடைத்தெருவில் மட்டுமா மோசடி?

ரமலானா, ரமழானா, ரம்ஜானா?

நமக்கென்றே உள்ள சிக்கல் இது. அரபுச் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஆளுக்கொரு முறை. ரமழான், ரமலான், ரமளான், ரம்ஜான். ஸகாத், ஜகாத், சகாத், ஸக்காத். வுளூ, உளூ, ஒளு. தொழுகை என்று எழுதுபவரும் உண்டு, ஸலாத் என்று எழுதுபவரும் உண்டு. முஹம்மது என்ற திருப்பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறோம்! கணினிக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல். "ஜகாத்" என்று தேடுகிற பாட்டியாருக்கு "ஸகாத்" என்று பதிந்த பயான் பெரும்பாலும் வராது.

எது சரியான எழுத்து என்று சண்டையிடுவதால் இது தீராது. நூலகங்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல்லைத் தலைப்பாக முடிவு செய்துவிடுவது. மற்ற வடிவங்களை அதன் கீழ் "இதைக் காண்க" என்று சேர்த்துக்கொள்வது. ஜகாத் என்று தேடினால் ஸகாத் என்ற தலைப்புக்குக் கொண்டுபோய் விடும். ஸகாத்தின் பக்கத்தில் "ஸதகா, ஃபித்ரா, உஷ்ர் ஆகியவற்றையும் காண்க" என்று உறவுகளையும் எழுதி வைக்கலாம். ஆலிம்களின் பெயர்களுக்கும் இதே முறைதான். ஒரே பெரியவரை ஊர்ப் பெயர் சேர்த்து, பட்டப் பெயர் சேர்த்து, முதலெழுத்து சேர்த்து நான்கு பேராக்கிவிடுகிறோம். நாம் ஒரு குயர் நோட்டில் தொடங்கிய இப்படியான பட்டியல் இன்று சுமார் முந்நூறு தலைப்புகளாக வளர்ந்திருக்கிறது. அதில் பாதி வேலையைச் செய்தது வீட்டிலுள்ளவர்கள்தான். "மக்கள் இப்படியா தேடுவார்கள்?" என்று அவர்கள் திருத்திய இடங்கள் அநேகம்.

பழைய பிடிஎஃப்களில் இன்னொரு தொல்லை. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த நூல்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அவை வெறும் குறிகள். வெறும் படமாக ஸ்கேன் செய்தவை அதைவிட மோசம். நம் முன்னோர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களோ தனி உலகம். பட்டியலிடுகிறவர் எழுத்தைப் பார்த்து மொழி "அரபி" என்று போட்டுவிட்டால், தமிழ் நூல் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. அரபி நூல் தேடுகிறவர் திறந்தால் அவருக்குப் புரியாது. மொழி வேறு, எழுத்து வேறு. மொழி தமிழ், எழுத்து அரபி என்று இரண்டாகப் பதிய வேண்டும். இதற்கான பன்னாட்டுக் குறியீடுகளிலும் மொழிக்கும் எழுத்துக்கும் தனித்தனி இடம் உண்டு. இத்தகைய நூல்களுக்கு யுனிகோடு தமிழில் ஒரு தலைப்பும் நான்கு பொருள் சொற்களும் எழுதிவிட்டால், உள்ளே ஓரெழுத்தும் கணினிக்குப் புரியாவிட்டாலும் நூல் கிடைத்துவிடும்.

தேதி விஷயத்திலும் கவனம் தேவை. ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு கி.பி. ஆண்டுகளில் விழும். நூலில் உள்ள ஹிஜ்ரியை அப்படியே எழுதி, பக்கத்தில் கி.பி.யையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். அப்போதுதான் கோப்புகள் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

தொடங்குவது எப்படி?

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஓர் எக்செல் தாள் போதும். கோப்பின் பெயர், தலைப்பு, பேசியவர் அல்லது எழுதியவர், தேதி, ஊர், மொழி, வகை, பொருள் தலைப்புகள், மத்ஹப், உரிமை என்று பத்துப் பத்திகள். பயானைக் குறைந்தது முதல் பத்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் கேட்டுவிட்டு, மூன்று முதல் ஐந்து தலைப்புகள் இடுங்கள். இருபது தலைப்பு இட்டால் தேடுகிறவருக்குக் குப்பைதான் வரும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றும்போது இதே விவரங்களைக் கேட்பார்கள். பொருள் பெட்டி அங்கே காலியாக விடக் கூடாத பெட்டி. எம்பி3 கோப்புக்குள்ளேயே பேசியவர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றை எழுதிவைக்க இடமுண்டு. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிப் பெயர் மாறிப்போனாலும், கோப்பை யாரும் வேறு வடிவத்துக்கு மாற்றாதவரை அந்த விவரம் கூடவே போகும்.

நமக்குத் தெரிந்த ஒரு மஹல்லாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர் பேர் வேண்டாம். பள்ளிவாசலின் பழைய பதிவேடுகள், வக்ஃபுப் பத்திரங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் இளைஞர்கள் ஆர்வத்தோடு ஸ்கேன் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஜமாஅத் கூட்டத்தில் வைத்துப் பாராட்டும் பெற்றார்கள். நாமும் அந்த மேடையில் இருந்தோம், துஆ செய்தோம். எல்லாக் கோப்புக்கும் இயந்திரம் தந்த பெயர்தான், ஸ்கேன் 0001, ஸ்கேன் 0002 என்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, மையவாடியை ஒட்டிய ஓர் இடத்தில் எல்லைத் தகராறு வந்தது. அந்த இடம் வக்ஃபு செய்யப்பட்ட பத்திரம் ஸ்கேன் செய்ததில் இருக்கிறது என்று எல்லோருக்கும் நினைவு. எந்தக் கோப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூலத்தாள்களோ அதற்குள் மழையில் நனைந்து பாதி போயிருந்தன. நான்கு பேர் ஒன்பது இரவுகள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார்கள். கொடுத்தவரின் பெயர் இருந்த முதல் பக்கம் கிடைத்தது. எல்லைகளை எழுதிய இரண்டாம் பக்கம் தலைகீழாக, வேறெங்கோ கரண்ட் பில்களுக்கு நடுவில் கிடந்தது.

அன்று ஒவ்வொரு கோப்புக்கும் "வக்ஃபுப் பத்திரம்", சர்வே எண், ஆண்டு, பக்கம் 1, பக்கம் 2 என்று எழுதியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அந்த இளைஞர்களைக் குறை சொல்லி என்ன, மேடையில் இருந்த நம்மில் ஒருவரும் அந்த டிஸ்கைத் திறந்து பார்க்கவில்லையே.

இத்தகைய ஆவணங்களில் ஒரு முன்னெச்சரிக்கை. நிக்காஹ் பதிவேடு, தலாக் விவரங்கள், ஸகாத் வாங்கியோர் பட்டியல் ஆகியவற்றுக்கும் சீட்டு எழுதத்தான் வேண்டும். ஆனால் குடும்பங்களின் பெயர்களைப் பொதுவில் தேடினால் வருமாறு வைக்கக் கூடாது. "நிக்காஹ் பதிவேடு, 1962 முதல் 1970 வரை" என்ற அளவில் பொதுப் பட்டியலில் இருக்கட்டும். உள்விவரம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் மட்டும் இருக்கட்டும். யாருக்குத் திறக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை உரிமைப் பத்தியில் எழுதிவிடுங்கள். நூல்களுக்கும் அப்படியே. பதிப்புரிமை உள்ள நூலை முழுவதுமாக ஏற்றிவிட்டு நல்ல காரியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதன் விவரக் குறிப்பை மட்டும் போட்டு, எந்தப் பதிப்பகத்தில் கிடைக்கும் என்று சொல்வதே தேடுகிறவருக்கு உதவிதான்.

அந்த மஹல்லாவில் இப்போது மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் இரண்டு கல்லூரி மாணவிகள் தங்கள் வீட்டிலிருந்தே தாளை நிரப்பி வருகிறார்கள். நாளைக்கு முப்பது கோப்புகள். படிக்க முடியாத பழைய கையெழுத்து வந்தால் ஊரிலுள்ள ஓய்வுபெற்ற கர்ணம் ஒருவருக்கு அனுப்பிக் கேட்டுக்கொள்கிறார்கள். சென்ற வாரம் வரை ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது.

நகை ஸகாத் பற்றிக் கேட்ட சகோதரியின் குடும்பம் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. அவர் கேட்ட இரண்டு துண்டுகளின் முழுப் பயானையும் தேடிப் பிடித்து, மத்ஹபும் தேதியும் எழுதி அவருக்கு அனுப்பி வைத்தோம். தேடிப் பிடிக்க நமக்கே மூன்று நாள் ஆனது.